வாய் திறக்காத வக்கீல்கள்

1973-ம் ஆண்டின் பிற்பகுதி. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் என்று ஒரு நகரம். அங்கே பிராங்க் ஆர்மனி என்ற வக்கீலின் ஆபீசுக்கு ஒருவர் வந்தார். சிகாகோ பக்கத்திலிருந்து வருகிறார். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தூரம். வந்தவர் கட்சிக்காரர் அல்ல. மகளைத் தேடி வந்த தகப்பனார்.

மகள் பாஸ்டன் நகரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள். ஜூலை மாதம் ஒரு நண்பருடன் மலைப் பிரதேசத்துக்குப் போனாள். நண்பரின் பிணம் கத்திக் குத்துக் காயங்களோடு கிடைத்தது. அவளைக் காணோம். போலீசார் தேடினார்கள், பயன் இல்லை. பெற்றவர்களுக்கு, எங்கேயாவது உயிரோடு இருப்பாளோ என்ற நப்பாசை.

அதே மலைப் பக்கத்தில் வேறொரு கொலைக்காக ராபர்ட் கேரோ என்பவன் பிடிபட்டிருந்தான். இந்தப் பெண்ணின் விஷயத்திலும் அவன் மேல் சந்தேகம். அவனுடைய வக்கீல்தான் ஆர்மனி. அந்த வக்கீலுக்கு ஏதாவது தெரிந்திருக்கலாம் என்று எண்ணி தகப்பனார் வந்தார். தம் மகளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

தம்மால் உதவ முடியாது என்று சொல்லி ஆர்மனி அவரை அனுப்பிவிட்டார்.

ஆனால் ஆர்மனிக்குத் தெரியும். அந்தப் பெண் உயிரோடு இல்லை என்று தெரியும். பிணம் எங்கே கிடக்கிறது என்பதும் தெரியும். போய்க் கண்ணால் பார்த்தவர் அவர். போட்டோவும் எடுத்து வைத்திருந்தார்கள்!

இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று வாசகர்களுக்கு ஆத்திரம் வரலாம். அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேருக்கு அந்த ஆத்திரம் வந்தது. ஆனால் தொழில் தர்மத்தைத் தவறாமல் காத்த வக்கீலுக்கு உதாரணமாக அங்குள்ள சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அவரைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கதையை முழுவதும் கேட்டுவிட்டு, பிறகு எந்தப் பக்கம் சேருவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மலையில் நடந்த வேட்டை

கேரோ சிரக்யூசில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவன். மனைவி, மக்கள் உள்ளவன். ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்த குற்றத்துக்காக முன்பே சிறைக்குப் போய் வந்தவன்.

1973-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, அடிரான்டாக் மலைக் காட்டில் மூன்று வாலிபர்களும் ஒரு பெண்ணும் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தார்கள். கேரோ துப்பாக்கியோடு வந்தான். மிரட்டி மரங்களில் கட்டிப் போட்டான். ஒரு வாலிபரைக் கத்தியால் குத்திக் கொன்றான். மற்றவர்கள் தப்பினார்கள். அவர்களில் ஒருவர் ஓடிப் போய் ஆட்களைக் கூட்டி வந்தார்.

கேரோ காட்டுக்குள் மறைந்தான். நூற்றுக்கணக்கான போலீசார் காட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். பன்னிரண்டு நாள் வேட்டை. நியூயார்க் மாநிலம் அதுவரை கண்டிராத பெரிய வேட்டை என்று சொல்கிறார்கள். கடைசியில் அவனுடைய சகோதரியின் வீட்டுப் பக்கத்தில் சுட்டுப் பிடித்தார்கள். குண்டுக் காயங்களோடு பிழைத்துக்கொண்டான்.

இப்படிப்பட்டவனுக்கும் வக்கீல் வேண்டும் அல்லவா? கோர்ட்டு ஆர்மனியை நியமித்தது. வேறு வழக்கில் முன்பு கேரோவுக்காக ஆஜரானவர் அவர். கொலைக் கேஸ் தனியாகத் தாங்காது என்று, கிரிமினல் வழக்குகளில் பழுத்த அனுபவம் உள்ள பிரான்சிஸ் பெல்ஜ் என்ற வக்கீலைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

வைத்தியரிடமும் வக்கீலிடமும் உண்மையை மறைக்காதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கேரோ மறைக்கவில்லை. வக்கீல்கள் கிளறிக் கிளறிக் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாகக் கக்கினான். அந்த வாலிபர் மட்டும் அல்ல. பாஸ்டன் மாணவியையும் அவளுடைய நண்பரையும் கொன்றது அவன்தான். சிரக்யூஸ் நகரில் ஜூலை மாதம் காணாமற்போன பதினாறு வயதுப் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியைக் கொன்றதும் அவன்தான். மாணவியின் பிணம் மைன்வில் என்ற ஊரில் பாழடைந்த இரும்புச் சுரங்கத்தின் காற்றுத் துவாரத்தில் கிடக்கிறது. பள்ளிக்கூடப் பெண்ணின் பிணம் சிரக்யூஸ் கல்லறைத் தோட்டத்தின் புதர் மறைவில் கிடக்கிறது. இடங்களுக்கு அடையாளமும் சொன்னான்.

பைத்தியக்காரனின் உளறலா, உண்மையா? தெரியாமல் வழக்கை நடத்த முடியாது. இரண்டு வக்கீல்களும் சுரங்கத்துக்குப் போனார்கள். ஆர்மனி பிடித்துக்கொள்ள, பெல்ஜ் துவாரத்துக்குள் தலையை விட்டு இறங்கினார். பிணம் கிடந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் தேடிக் கண்டுபிடித்தவர் பெல்ஜ். அங்கே எலும்புகள் சிதறிக் கிடந்தன. எல்லாம் ஒரே படத்தில் விழவேண்டும் என்பதற்காக, சற்றுத் தள்ளிக் கிடந்த மண்டையோட்டை அவர் நகர்த்தி வைத்தார். அதைச் செய்திருக்க வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு. தடயத்தில் கை வைப்பது வேறு. பின்னால் வந்த தொல்லைகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். சிகாகோ தகப்பனார் வந்து திரும்பிப் போனது இந்தச் சமயத்தில்தான்.

ஆர்மனியைக் கல் நெஞ்சக்காரர் என்று நினைக்க வேண்டாம். அவருடைய சொந்தச் சகோதரர் விமானப்படையில் இருந்தவர். வட கடல் மேல் பறந்தபோது விமானத்தோடு காணாமற்போனார். உடல் கிடைக்கவே இல்லை. பிணம் இல்லாத சாவு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பேரம்

சும்மா இருந்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. ஒரு வழி தேடிப் பார்த்தார்கள். சர்க்கார் தரப்பு வக்கீலிடம் போய்ப் பேசினார்கள். கேரோவை ஆயுள் முழுவதும் மனநோய் ஆஸ்பத்திரியில் அடைக்கச் சம்மதித்தால், துப்புத் துலங்காமல் இருக்கிற சில வழக்குகளில் உதவக்கூடும் என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். சர்க்கார் தரப்பு மறுத்துவிட்டது.

பிணத்தை வைத்துப் பேரம் பேசினார்களே என்று பிறகு பலர் காறித் துப்பினார்கள். எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால், கட்சிக்காரனைக் காட்டிக் கொடுக்காமல் அந்தப் பெண்களின் பெற்றோருக்கு விஷயம் போய்ச் சேர அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதுவும் அடைபட்டது.

இதற்கிடையில் தற்செயலாக வேறு ஆட்களின் கண்ணில் பட்டு, இரண்டு பிணங்களும் அந்தக் குளிர்காலத்தில் வெளியே வந்தன. பெற்றோர்கள் அடக்கம் செய்தார்கள். கொன்றவன் யார் என்று அப்போதும் உறுதியாகத் தெரியாது. இரண்டு வக்கீல்களுக்கு முன்பே தெரியும் என்பது அடியோடு தெரியாது.

கூண்டில் வெளிவந்த ரகசியம்

1974-ம் ஆண்டு ஜூன் மாதம். லேக் பிளசன்ட் என்ற சின்னஞ்சிறு ஊரில் விசாரணை நடந்தது. கேரோவுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்பது எதிர் வாதம். அதை ஜூரிகள் நம்ப வேண்டுமானால், அவன் செய்த எல்லாவற்றையும் அவன் வாயாலேயே கேட்க வேண்டும் என்று வக்கீல்கள் தீர்மானித்தார்கள். கேரோ சக்கர நாற்காலியில் வந்து சாட்சி சொன்னான். நான்கு கொலைகளையும் ஒப்புக்கொண்டான்.

கட்சிக்காரனே கோர்ட்டில் சொல்லிவிட்ட பிறகு ரகசியம் ஏது? வக்கீல்கள் பத்திரிகை நிருபர்களிடம் உண்மையைச் சொன்னார்கள். தங்களுக்குப் பல மாதங்களாகத் தெரியும் என்றார்கள்.

ஜூரிகள் புத்தி சுவாதீன வாதத்தை ஏற்கவில்லை. கொலைக் குற்றவாளி என்றார்கள். இருபத்தைந்து வருஷம் முதல் ஆயுள் வரை தண்டனை. கேரோவின் கதை அத்துடன் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் வக்கீல்களின் கதை அன்றுதான் ஆரம்பமாயிற்று.

ஊர் கொதித்தது. கொலைகாரனை விட்டுவிட்டு வக்கீல்களைப் பிடித்துக்கொண்டார்கள். மிரட்டல் கடிதங்கள் வந்தன. டெலிபோனில் வசவுகள் வந்தன. கட்சிக்காரர்கள் வருவது நின்றது. ஆர்மனிக்கு மாரடைப்பு வந்தது. பெல்ஜ் நாளடைவில் வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார்.

பெல்ஜ் மேல் வழக்கும் வந்தது. என்ன குற்றம் தெரியுமா? பொதுச் சுகாதாரச் சட்டத்தை மீறினாராம்! இறந்தவருக்கு முறையான அடக்கம் கிடைக்கச் செய்யவில்லை. வைத்தியர் பார்க்காமல் நேர்ந்த சாவை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவில்லை. நேரடியாகப் பிடிக்க வழி இல்லாமல், எங்கேயோ மூலையில் கிடந்த சட்டத்தைத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

1975-ம் ஆண்டு நீதிபதி ஆர்மண்ட் கேல் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். குற்றம் சாட்டப்பட்டவன் தன் வக்கீலிடம் அச்சமின்றிப் பேசுவது அரசியல் சட்டம் தந்த உரிமை. சுகாதாரச் சட்டத்தை வைத்து அதைத் தட்டிப் பறிக்க முடியாது என்பது அவருடைய தீர்ப்பின் சாரம். நீதியைத் தடுத்தார் என்று குற்றம் சாட்டியிருந்தால் தம் வேலை இன்னும் கடினமாக இருந்திருக்கும் என்றும் அவர் மறைக்காமல் எழுதினார். அப்பீல் கோர்ட்டு தள்ளுபடியை உறுதி செய்தது. ஆனால் கையோடு ஒரு குட்டும் வைத்தது: வக்கீல் கட்சிக்காரனைக் காக்க வேண்டும், அதோடு சாதாரண மனித நாகரிகத்தையும் காக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் காப்பது எப்படி என்று அந்தக் கோர்ட்டு சொல்லவில்லை.

1978-ம் ஆண்டு நியூயார்க் மாநில வக்கீல்கள் சங்கம் அபிப்பிராயம் சொன்னது. ரகசியத்தை வெளியிடாமல் இருந்தது சரிதான் என்றது. ஆர்மனிக்கு அது காலங்கடந்த ஆறுதல்.

நம் ஊர் சட்டம்

இது அமெரிக்காவின் விசித்திரம் என்று எண்ண வேண்டாம். நம் நாட்டிலும் இதே விதி 1872-ம் ஆண்டிலிருந்தே உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தில் 126-வது பிரிவு. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 132-வது பிரிவு. கட்சிக்காரர் தொழில் முறையில் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது. வழக்கு முடிந்தாலும், வக்கீலை மாற்றிக்கொண்டாலும் இந்தக் கட்டு அவிழாது.

சட்டத்திலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவன் வந்து, நான் கள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், எனக்காக வாதாடுங்கள் என்கிறான். வக்கீல் அதை வெளியே சொல்லக் கூடாது. இன்னொருவன் வந்து, இந்தக் கள்ளப் பத்திரத்தை வைத்து ஒரு சொத்தைப் பிடிக்கவேண்டும், வழக்குப் போடுங்கள் என்கிறான். இதற்குப் பாதுகாப்பு இல்லை. நடந்து முடிந்த குற்றத்துக்குத் திரை உண்டு. நடக்கப் போகிற குற்றத்துக்கு இல்லை.

ஏன் இப்படி ஒரு விதி? குற்றவாளியைத் தப்பவைக்கவா? அல்ல. சர்க்காரிடம் போலீஸ் இருக்கிறது, பணம் இருக்கிறது, ஆய்வுக் கூடம் இருக்கிறது. பிடிபட்டவனுக்கு இருப்பது ஒரு வக்கீல். அந்த ஒருவரிடமும் வாய் திறக்கப் பயந்தால், குற்றம் செய்யாதவன்கூடத் தன் கதையைப் பாதி மறைப்பான். பாதிக் கதையை வைத்துக்கொண்டு எந்த வக்கீலும் யாரையும் காப்பாற்ற முடியாது.

எங்கள் பத்திரிகைத் தொழிலிலும், செய்தி கொடுத்தவர் பெயரைச் சொல்லாத வழக்கம் உண்டு. ஆனாலும் எங்களிடம் வருகிற விஷயம் அச்சில் ஏறுவதற்காக வருவது. வக்கீலிடம் போவது நெஞ்சுக்குள் போய் நின்றுவிட வேண்டும். அந்தப் பாரத்தைச் சுமந்து பழக்கம் இல்லாத என்னைப் போன்றவர்கள், ஆர்மனியை லேசில் குறை சொல்லத் தயங்க வேண்டும்.

அவரே ஒரு தடவை வாய் திறந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிறையில் கேரோ, கால் விளங்கவில்லை என்று நடித்தான். நடித்து, காவல் குறைவான பிஷ்கில் சிறைக்கு மாற்றல் வாங்கினான். 1978-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி, நடக்க முடியாதவன் வேலி தாண்டி ஓடிவிட்டான்! கைத்துப்பாக்கியைக் கடத்திக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன் பெற்ற மகன்.

மறுபடியும் ஒரு வேட்டை. ஆர்மனியின் குடும்பமே நடுங்கியது. போலீசார் அவரிடம் வந்து கேட்டார்கள். இந்த முறை அவர் சொன்னார்: கேரோ தூரத்துக்கு ஓடமாட்டான், பக்கத்திலேயே புதரில் படுத்துக்கொண்டு, தேடுகிறவர்கள் களைத்துப் போகும் வரை காத்திருப்பான். அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் சிறைக்குப் பக்கத்துப் புதரிலேயே போலீசார் அவனைக் கண்டார்கள். அவன் சுட்டான். போலீசார் திருப்பிச் சுட்டதில் அங்கேயே செத்தான்.

முன்னே மறைத்தவர் பின்னே ஏன் சொன்னார்? 1973-ல் அந்தப் பெண்கள் இறந்து போயிருந்தார்கள்; எதைச் சொன்னாலும் உயிர் திரும்பாது. 1978-ல் துப்பாக்கியோடு ஒருவன் வெளியே திரிந்தான். சொல்லாவிட்டால் இன்னும் உயிர்கள் போகலாம். விதியின் எல்லைக் கோடு இந்த இடத்தில்தான் ஓடுகிறது. ஆர்மனி இரண்டு தடவையும் கோட்டைத் தாண்டாமல் நின்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி

ஆனால் அந்தக் கோட்டின் மேலேயே ஒரு மனிதன் அகப்பட்டுக்கொண்டால்? செத்தவனும் அல்ல, சாகப் போகிறவனும் அல்ல. செய்யாத குற்றத்துக்காக ஆயுள் முழுவதும் சிறையில் கிடக்கிறவன். அவனைக் காக்கும் ரகசியம் வேறொருவனுடைய வக்கீலிடம் இருக்கிறது. அப்போது என்ன செய்வது?

இதுவும் கற்பனை அல்ல. நடந்த ஊர் சிகாகோ.

1982-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி, அங்கே ஒரு மெக்டொனால்ட்ஸ் ஓட்டலில் கொள்ளை அடிக்க வந்தவர்கள் காவலாளி ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆல்டன் லோகன் என்பவரைப் போலீசார் பிடித்தார்கள். நேரில் பார்த்த சாட்சிகள் அவரை அடையாளம் காட்டினார்கள். தாம் அங்கே போகவே இல்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

அடுத்த மாதம் அதே ஊரில் இரண்டு போலீஸ் அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் பிடிபட்டவன் ஆண்ட்ரூ வில்சன். அவனுக்கு வாதாட டேல் கவன்ட்ரி, ஜேமி குன்ஸ் என்று இரண்டு பொது வக்கீல்கள் நியமிக்கப்பட்டார்கள். பணம் இல்லாதவர்களுக்கு சர்க்கார் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற வக்கீல்கள் இவர்கள்.

ஓட்டல் கொலையில் லோகனோடு குற்றம் சாட்டப்பட்ட இன்னொருவன், தன் வக்கீலிடம் ஒரு விஷயம் சொன்னான். லோகன் யார் என்றே தனக்குத் தெரியாது. தன்னோடு வந்தவன் வில்சன். அந்த வக்கீல் மூலம் இது கவன்ட்ரி, குன்ஸ் காதுக்கு வந்தது. இரண்டு பேரும் வில்சனிடம் போய்க் கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே, சுட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டான்.

என்ன செய்வார்கள்? வெளியே சொன்னால் தங்கள் கட்சிக்காரன் மேல் மூன்றாவது கொலை ஏறும். அவன் தலைக்கு மேல் ஏற்கனவே மரண தண்டனை தொங்குகிறது. வக்கீலே அவனைக் கொன்றது போல் ஆகும்.

வில்சன் எப்படிப்பட்ட நிலைமையில் இருந்தான் என்பதையும் பார்க்க வேண்டும். போலீஸ் அதிகாரிகளைக் கொன்றவன் என்பதால், ஜான் பர்ஜ் என்ற அதிகாரியின் கீழ் இருந்த போலீசார் அவனைச் சித்திரவதை செய்தார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள். சூடான ரேடியேட்டரில் அழுத்தினார்கள். அப்படி வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் 1987-ல் தீர்ப்பளித்தது. மறு விசாரணையில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சிகாகோ போலீசின் சித்திரவதைகள் உலகத்துக்குத் தெரிய வந்தது இந்தக் கொலைகாரன் தொடுத்த வழக்கினால்தான். பர்ஜ் 1993-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பொய்ச் சத்தியம் செய்ததற்காகப் பிற்பாடு சிறைக்கும் போனார். ஆக, 1982-ல் வில்சன் நம்பி வாய் திறக்க உலகத்தில் இருந்தவர்கள் அந்த இரண்டு வக்கீல்கள்தான். அவர்களும் அவனைக் காட்டிக் கொடுத்தால், அதற்குப் பிறகு அந்தச் சிறையில் எந்தக் கைதி எந்த வக்கீலை நம்புவான்?

1982 மார்ச் 17-ந் தேதி, இரண்டு பேரும் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதினார்கள். ஓட்டல் கொலைக்கு லோகன் பொறுப்பாளி அல்ல என்று, வெளியிட முடியாத வழியில் தங்களுக்குத் தெரிய வந்திருக்கிறது. அவ்வளவுதான் வாசகம். வில்சன் பெயர் அதில் இல்லை. கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து சீல் செய்தார்கள். கவன்ட்ரி அதை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டித் தம் படுக்கை அறையில், கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

லோகன் வழக்கு விசாரணைக்கு வந்தது. குற்றவாளி என்றார்கள். மரண தண்டனை கொடுப்பதா என்று ஜூரிகள் வோட்டெடுத்தார்கள். கொடுக்க வேண்டும் என்று பத்துப் பேர். வேண்டாம் என்று இரண்டு பேர். எல்லாரும் ஒருமுகமாகச் சொன்னால்தான் மரண தண்டனை. அந்த இரண்டு பேரால் லோகனின் தலை தப்பியது. ஆயுள் தண்டனை கிடைத்தது.

மரண தண்டனை வந்திருந்தால் ரகசியத்தை உடைத்திருப்போம் என்று இரண்டு வக்கீல்களும் பிறகு சொன்னார்கள். உயிர் போகிறது என்றால் பேசலாம். ஆயுள் போகிறது என்றால்? பேசவில்லை. அந்த இரண்டு ஜூரிகளும் லோகனுக்கு இரக்கம் காட்டினார்கள். அந்த இரக்கமே வக்கீல்களின் வாய்க்குப் பூட்டாகவும் ஆயிற்று!

ஒரு சலுகை மட்டும் வில்சனிடம் கேட்டு வாங்கினார்கள். அவன் இறந்த பிறகு வெளியே சொல்லலாம் என்று சம்மதித்தான். கட்சிக்காரன் இறந்தாலும் ரகசியம் சாகாது என்பது அங்கே விதி. ஆகையால் இந்தச் சம்மதம் பெரிய விஷயம். ஆனால் வில்சன் சாகவேண்டுமே! லோகன் சிறையில், வில்சன் இன்னொரு சிறையில். வில்சனின் ஆயுள் எவ்வளவு நீளமோ, லோகனின் தண்டனை அவ்வளவு நீளம்.

2007-ம் ஆண்டு நவம்பரில் வில்சன் செத்தான். 2008 ஜனவரியில் உறை உடைக்கப்பட்டது. ஏப்ரல் மாதம் லோகன் ஜாமீனில் வெளியே வந்தார். செப்டம்பரில் சர்க்கார் வழக்கைக் கைவிட்டது. உள்ளே போனபோது வயது 28. வெளியே வந்தபோது 54. இடையில் அவருடைய தாயார் இறந்துவிட்டார்.

லோகன் போட்ட நஷ்டஈட்டு வழக்கில், 2013-ம் ஆண்டு சிகாகோ நகரம் ஒரு கோடியே இரண்டரை லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. வழக்கு வக்கீல்கள் மேல் அல்ல, போலீசார் மேல். உண்மைக் குற்றவாளி வில்சன் என்பதைக் காட்டும் தடயத்தைப் போலீசார் மறைத்தார்கள் என்பது அதில் லோகனின் குற்றச்சாட்டு. தடயத்தை வெளியிடவேண்டியது போலீசின் கடமை. ரகசியத்தை வெளியிடாமல் இருப்பது வக்கீலின் கடமை. இந்த வித்தியாசத்தை, ஆத்திரப்படுகிறவர்கள் சுலபமாக மறந்துவிடுகிறார்கள்.

ஆனாலும் ஆர்மனியைச் சரி என்று சொன்ன வேகத்தில் கவன்ட்ரியையும் குன்ஸையும் சரி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சிகாகோ தகப்பனாருக்கு நேர்ந்தது துக்கம். லோகனுக்கு நேர்ந்தது அநியாயம். அதுவும் ஒவ்வொரு நாளும் புதிதாக நேர்ந்தது. இரண்டுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி என்றால் விதியில்தான் கோளாறு. அந்த இரண்டு வக்கீல்களையும் நான் குற்றம் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் அந்தப் பெட்டியின் மேல் படுத்துத் தூங்கியவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வக்கீல்களின் நடத்தை விதியில் ஒரு வரி இருக்கிறது. குற்றம் செய்யாத ஒருவர் மரண தண்டனைக்கோ சிறைக்கோ ஆளாவதைத் தடுப்பதற்காக வக்கீல் ரகசியத்தை வெளியிடலாம் என்கிறது அந்த வரி. லோகன் உள்ளே இருந்த காலத்தில் இல்லினாய் மாநில விதியில் அப்படி ஒரு வரி இல்லை. நம்முடைய 132-வது பிரிவிலும் இல்லை.